பத்து மணிக்கு வரும் கொக்குகள்

எங்கள் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு: லேசில் கையெழுத்துப் போடாதவள். உழவர் குழுவில் நாங்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் போட்ட பிறகும் தாள் என் வீட்டில் இரண்டு நாள் கிடக்கும். அதனால்தான் என்னைக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பினார்கள். முத்துலட்சுமியே பார்த்துவிட்டு வந்து சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாதல்லவா?

விஷயம் இதுதான். திருமயத்துக்குத் தெற்கே எங்கள் கண்மாயை ஒட்டிய மேட்டு நிலத்தில் தொழிற்சாலை கட்ட ஒரு கம்பெனி வந்து கேட்டது. ஊர் தயங்கியது. உடனே அவர்கள் ஒன்று சொன்னார்கள்: கண்மாய்க் கரையில் ஒரு மாதிரிப் பண்ணையும் வைத்துத் தருவார்களாம். மருந்தடிக்காத விவசாயம், பறவைக்கும் பாம்புக்கும் கீரிக்கும் இடம் விட்டுச் செய்யும் விவசாயம், அதைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இதே போல ஒன்றை ஏற்கெனவே நடத்துகிறோம், மூன்று நாள் வந்து தங்கிப் பாருங்கள், பிறகு சம்மதத் தீர்மானம் போடுங்கள் என்றார்கள்.

என்னோடு வந்தவர் கருப்பையா அண்ணன். குழுவின் தலைவர். அறுபதை நெருங்குகிறவர். ஊரில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய மகன் ஐடிஐ முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தான். தொழிற்சாலை வந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை என்று கம்பெனிக்காரர்கள் சொன்ன அன்றைக்கு அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். அதனால் புறப்படும்போதே எனக்குச் சந்தேகம் இரண்டாக இருந்தது. ஒன்று பண்ணை மேல், இன்னொன்று பக்கத்து சீட்டில் இருந்தவர் மேல்.

சென்ட்ரலில் ஏறிய காலை ரயிலில் நிற்க இடமில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஆண்களும் பெண்களும் நின்றபடியே தூங்கினார்கள். மீஞ்சூர் தாண்டிய பிறகுதான் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அண்ணன் உடனே கண்ணை மூடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எதிரே நின்ற ஒருவர், "கும்மிடிப்பூண்டியா? அடுத்தது தான்மா. எந்திரிச்சி டோர் ஆண்ட போய் நின்னுக்கோங்க" என்றார். அவர் கண் எங்கள் சீட்டின் மேல் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நம்மை எழுப்பிவிட்டு உட்காரப் பார்க்கிறார், நாமா ஏமாறுவோம்?

அடுத்த ஸ்டேஷனில் மொத்தப் பெட்டியும் இறங்கியது, அவரும் இறங்கினார். இறங்கியவர் வெளியே நின்று ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவர் தலைக்கு மேல் கும்மிடிப்பூண்டி என்று பலகையில் எழுதியிருந்தது. நான் அண்ணனை உலுக்கி, பையைத் தூக்கி, வாசலுக்குப் போவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

நாங்கள் இறங்கிய இடத்தில் பலகையில் தெலுங்கு எழுத்து இருந்தது. தடா. வந்த வேலையைத் தொடங்கும் முன்பே மாநிலம் மாறியாகிவிட்டது.

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. "ஆந்திராவப் பாக்காமச் செத்துருவோமோன்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்டோம். இஞ்சிச் சட்னி இனிப்பும் காரமுமாக மூக்கு வரை ஏறியது. எங்கள் ஊரில் இஞ்சி காய்ச்சலுக்குத்தான் வெளியே வரும். வண்டிக்கார அம்மாள் பக்கத்துப் பூக்காரியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். "வாரத்துல ரெண்டு பேராச்சும் இப்படித் தூங்கிட்டு வந்து எறங்குறாங்கன்னு சொல்றா" என்று பூக்காரி தமிழில் சொன்னாள். தூங்கவில்லை, நம்பவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பஸ் பிடித்துத் திரும்பிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஒரு ஆட்டோவில் ஏறினோம். பண்ணையின் பெயரைச் சொன்னதும் டிரைவருக்குப் புரியவில்லை. பறவை, வயல், பஸ்ஸில் ஆட்கள் வருவார்கள் என்றெல்லாம் சொன்னேன்.

"அட, கொக்குப் பண்ண! அத்த சொல்லு மொதல்ல" என்றார். "நல்ல டைமுக்குத்தாம்மா போறீங்க. மணி பத்தாவப் போவுது இல்ல? அப்பத்தான் கொக்குங்க டூட்டிக்கு வரும்."

"கொக்குக்கு என்னங்க டூட்டி?"

"நான் இன்னாத்த கண்டேன்? இங்க எல்லாமே ஷிப்டுதாம்மா. எங்க ஆளுங்க மூணு ஷிப்டு, கொக்கு ஜெனரல் ஷிப்டு."

அவர் சிரித்தார், அண்ணனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வழி நெடுகிலும் சுற்றுச்சுவர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் நீலத் தகரக் கூரை, இடையிடையே லாரிகள், டீக்கடை, ஒரு சின்ன சர்ச், ஒரு அம்மன் கோயில். திடீரென்று இரண்டு சுவர்களுக்கு நடுவே பச்சை. பன்னிரண்டு ஏக்கர் என்று எழுதியிருந்தார்கள். வாசலில் மூங்கில் வளைவு. அதற்குக் கீழே பச்சைத் தொப்பியோடு பிரதீப் என்பவர் நின்றார். பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்வது அவர் வேலை. முப்பது வயது இருக்கும். தேளைக்கூடத் தடவிக் கொடுப்பது போல ஒரு குரல்.

"வாங்கம்மா, வாங்க சார். கரெக்ட் டைமுக்கு வந்துருக்கீங்க. இப்பத்தான் பேர்ட்ஸ் வந்து இறங்குது."

உண்மைதான். நாற்று நட்டு ஒரு மாதம் ஆன வயல். வரப்பு ஓரத்தில் நாற்பது ஐம்பது கொக்குகள். மேலே பருந்துகள் வட்டமிட்டன. ஒரு கல்லூரிப் பேருந்து நின்றது. பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரதீப் வரிசையாகக் காட்டினார். கரிச்சான் குருவி உட்கார வயலுக்குள் நட்ட குச்சிகள், எலி பிடிக்க ஆந்தைக்குக் கட்டிய மரப்பெட்டி, வரப்பில் தட்டைப்பயறு, ஓரத்தில் செண்டுமல்லி, நடுவில் ஒரு குளம், கீரிக்கும் பாம்புக்கும் என்று உழாமல் விட்ட ஒரு பட்டை நிலம். சொன்னது எதுவும் தப்பில்லை. பாதியை நானே செய்கிறேன். மீதியைச் செய்ய ஆசைப்பட்டேன். அதுதான் என்னை உறுத்தியது. ஒரு குறைகூட இல்லாத வயலை நான் இதுவரை பார்த்ததில்லை. இலையில் ஒரு ஓட்டை இல்லை. வரப்பில் ஒரு நண்டு வளை இல்லை. கால் வழுக்கவில்லை.

"தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டேன்.

"சொந்த போர்வெல்தாம்மா. மழைநீர் சேகரிப்பும் இருக்கு."

"போரப் பாக்கலாமா?"

"நாளைக்குக் காட்டுறேன்மா. அது நம்ம டூர் ரூட்ல இல்ல."

அதற்குப் பிறகு நான் எங்கே திரும்பினாலும் பிரதீப் நின்றார். குளத்தில் குனிந்தால் குளத்தைப் பற்றிச் சொன்னார். மண்ணைக் கிள்ளி முகர்ந்தால் மண்ணைப் பற்றிச் சொன்னார். அண்ணனோ எதையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் "ஆகா, ஆகா" என்றார். மதியம் கம்பெனி ஆள் ஒருவர் கேமராவோடு வந்து, ரெண்டு வார்த்தை பேசுங்களேன் என்றதும், அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "எங்க ஊருக்கும் இப்படி ஒண்ணு வந்தா நாங்க குடுத்து வச்சவங்க" என்று சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. என்னையும் பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

மதியச் சாப்பாடு வாழை இலையில். சிவப்பரிசிச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், சுரைக்காய்க் கூட்டு. எல்லாம் இங்கேயே விளைந்தது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. கை கழுவப் போகும்போது சமையலறைக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். கோயம்பேடு மார்க்கெட் முத்திரையோடு சுரைக்காய் இரண்டு மிச்சம் கிடந்தது. அண்ணனிடம் காட்டினேன். "விருந்தாளி வந்தா நாம கடையில வாங்குறது இல்லையா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நாம் வாங்கியதை விளைந்தது என்று சொல்வதில்லை.

தங்குவதற்கு மண்சுவர்க் குடில் இரண்டு கொடுத்தார்கள், கூரையில் ஓலை. உள்ளே ஏசி. சாயங்காலம் அதை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஏதோ இயந்திரம் ஒரே சீராக இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் வேறு என்ன கேட்கிறது என்று கவனித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எதிரே தண்ணீர் நிற்கும் வயல், பக்கத்தில் குளம், ஒரு தவளைகூடக் கத்தவில்லை. எங்கள் ஊரில் நடவு வயல் பக்கம் சாயங்காலம் போனில் பேச முடியாது. அவ்வளவு சத்தம் இருக்கும்.

பக்கத்துக் குடிலில் அண்ணன் போனில் மகனோடு பேசுவது கேட்டது. "பெரிய கம்பெனிதாண்டா. எல்லாம் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார். யாரிடம் என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே எழுந்துவிட்டேன். பிரதீப் எட்டரைக்குத்தான் வருவார் என்று தெரியும். வயல் வரப்பு முழுதும் ஒரு சுற்று நடந்தேன். கொக்கு ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊரில் விடியற்காலைதான் அவற்றுக்கு முக்கியமான நேரம்.

ஆறு மணி வாக்கில் பின் கேட்டில் ஹாரன் சத்தம். தண்ணீர் டேங்கர் ஒன்று உள்ளே வந்தது, ஆந்திரா நம்பர். ஒரு பெண் ஓடிப் போய் கேட்டைத் திறந்தாள். டிரைவர் ஜன்னலில் இருந்தபடி தெலுங்கில் சத்தம் போட்டார். அவள் தெலுங்கிலேயே திருப்பிக் கொடுத்தாள். குழாயைக் குளத்துக்குள் விட்டார்கள். நான் ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில் ஒளிந்து நிற்பது எனக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் நின்றேன்.

டேங்கர் போன பிறகு அந்தப் பெண் இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு வந்தாள். வாடை எனக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. மீன் குடல், செதில், தலை. சந்தையில் மீன் ஆய்ந்த மிச்சம். அதை ஒரு கரண்டியால் அள்ளி, பயிரின் நடுவே தெரியாதபடி, வரப்போரம் முழுவதும் போட்டுக்கொண்டே போனாள். நான் போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். அந்தச் சத்தத்தில் அவள் திரும்பிவிட்டாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னாக்கா, போட்டோவா புடிச்ச?" என்றாள்.

"ஆமா."

"என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது."

அவள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். எஸ்தர் என்று பெயர் சொன்னாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் போலவே இல்லை. களைத்துப் போனவளாக இருந்தாள்.

"பஸ்ஸு பத்து மணிக்கு வரும்கா. அதுக்குள்ள கொக்கு வந்துடணும்னு ஆர்டரு. மொதல்ல அரிசி போடச் சொன்னாங்க. கொக்கு இன்னாத்துக்கு அரிசி துன்னப் போவுது? நான்தான் மீன் கொடலு ஐடியா குட்த்தேன்."

"அந்த டேங்கர்காரர் என்ன சத்தம் போட்டார்?"

"கேட்டத் தெறக்க இவ்ளோ நேரமா, இன்னும் நாலு லோடு கீது, உங்க கொக்குக்குத் தண்ணி ஊத்தறதே என் பொழப்பாப் போச்சுன்றான். போடா நைனா, கொக்குதான் உனக்குச் சோறு போடுதுன்னேன்."

"சொந்த போர் இருக்குன்னு சொன்னாங்களே?"

"கீது. தண்ணி கெட்டுப்போயி ரெண்டு வருசம் ஆவுது. எங்கேருந்து இன்னா வந்து கலந்துச்சோ, யாருக்குத் தெரியும்? சுத்தி இத்தினி கம்பெனி கீது. அந்தத் தண்ணியத்தான் மொத வருசம் வயலுக்கு வுட்டாங்க."

"தவளை ஒண்ணையும் காணோமே எஸ்தர்?"

அவள் வயலைப் பார்த்தாள். "இருந்துச்சுக்கா. கத்துச்சுன்னா காது கிழியும். அந்தத் தண்ணி வுட்ட வருசம் போனது. அப்பால வர்ல."

எஸ்தரின் அப்பா இதே நிலத்தில் கூலி வேலை பார்த்தவராம். நிலம் கைமாறிய பிறகு அவள் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் நின்றுகொண்டே வேலை செய்திருக்கிறாள். கால் நரம்பு புடைத்துவிட்டது. இங்கே வந்த பிறகு மரத்தடியில் உட்கார முடிகிறது என்றாள்.

"இத வெளிய சொன்னா உன் வேலை போயிடுமா?"

"என் வேல போவும். கொக்குக்கு வேற ஆளு மீன் போடும்." கரண்டியைப் பக்கெட்டின் விளிம்பில் தட்டிவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு சொல்லவா? இது பொய்யின்னு எனக்கும் தெரியும். ஆனா இந்தப் பொய் இல்லாங்காட்டி இங்க இன்னொரு ஷெட்டு வந்துருக்கும். மண்ணுன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியுதுல்ல, அது வரைக்கும் சரின்னு வந்துக்கினு கீறேன்."

நான் போனை அவள் கையில் கொடுத்து, அந்தப் படத்தை அவளையே அழிக்கச் சொன்னேன். அவளுக்கு எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. அவள் பார்க்க நான் அழித்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. "நாஷ்டா துன்னியாக்கா?" என்று கேட்டாள். தூக்குவாளியில் இருந்த பழைய சோற்றையும் வறுத்த நெத்திலியையும் இரண்டு பங்காகப் பிரித்தோம். பக்கத்தில் மீன் குடல் வாடை. ஆனாலும் அந்த மூன்று நாளில் நான் சந்தேகப்படாமல் சாப்பிட்டது அது ஒன்றைத்தான்.

சாப்பிட்டுவிட்டுக் குடிலுக்கு நடந்தபோதுதான் செய்த காரியம் உறைத்தது. என் கையில் இப்போது ஒன்றுமே இல்லை. ஊரில் போய், கொக்குக்கு மீன் போடுகிறார்கள், தண்ணீர் டேங்கரில் வருகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முத்துலட்சுமிக்கு எதிலும் சந்தேகம்தான் என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் எஸ்தர் பெயரைச் சொல்ல முடியாது. போதாததற்கு அண்ணன் பேசிய வீடியோ அதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. என் தங்கை மகள் அதை எனக்கே அனுப்பி, கைதட்டும் படம் ஒன்றும் போட்டிருந்தாள்.

அண்ணனிடமாவது சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் போய் அப்படியே பிரதீப்பிடம் கேட்டுவிட்டால் எஸ்தர் கதி என்ன ஆகும்? வாயை மூடிக்கொண்டேன்.

அன்று பத்து மணிக்குக் கொக்குகள் வந்தன. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிரதீப் என்னை ஒரு நிமிஷம்கூட விடாமல் ஆந்தைப் பெட்டி, மண்புழு உரக்குழி என்று கூட்டிப் போனார். போர்வெல் இன்றைக்குக் காட்டுவதாகச் சொன்னீர்களே என்றேன். அந்தப் பக்கம் மராமத்து நடக்கிறது என்றார். நடுவில் பார்த்தால் அண்ணனைக் காணோம். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார். வேட்டியின் கீழ்ப் பாதி நனைந்திருந்தது.

"எங்கேண்ணே போனீங்க?"

"சும்மா காலாற நடந்தேன்" என்றார். பிரதீப்பைப் பார்த்து, "உங்க பண்ணையில ஒரு நாள் போதாது தம்பி" என்றார். பிரதீப் மலர்ந்து போனார். நான் சோற்றைப் பிசைந்தபடி அண்ணனின் சட்டைப் பையைப் பார்த்தேன். ஏதாவது கவர் கொடுத்திருப்பார்களோ? மகனுக்கு வேலை உத்தரவோ? பை தட்டையாகத்தான் இருந்தது. அப்படியும் எனக்கு நிம்மதி வரவில்லை.

மூன்றாம் நாள் காலை எங்களை வழியனுப்பும்போது பார்வையாளர் புத்தகத்தை நீட்டினார்கள். அண்ணன் நீளமாக எழுதினார். நான் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினேன். எஸ்தர் தூரத்தில் செண்டுமல்லிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நிமிராததே நல்லது என்று நினைத்தேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சென்னை வண்டிக்கு அரை மணி இருந்தது. இரவு ஷிப்டு முடிந்த ஆட்கள் நடைமேடை முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பையன்கள் இந்தியில் வீட்டுக்குப் பேசினார்கள். "சாப்பிட்டேன் அம்மா, நன்றாகத்தான் சாப்பிட்டேன்" என்று ஒருவன் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்திக்கே புரிந்தது. அவன் கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது.

இனிமேல் அடக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காதீங்க. உங்க மகன் வேலைக்கு அவங்ககிட்ட ஏதாச்சும் பேசி முடிச்சுட்டீங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தார். "கேட்டேன்" என்றார். "மொத நாளே கேட்டேன். தீர்மானத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டா மறு மாசமே வேலைன்னாங்க."

"அதனாலதான் வீடியோவுல அப்படிப் பேசுனீங்களா?"

"பாதி அதனாலதான். பொய் சொல்லக் கூடாதுல்ல." துணிப்பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். ஒரு லிட்டர் பாட்டில். உள்ளே இருந்த தண்ணீர் வடிகட்டாத தேநீரின் நிறத்தில் இருந்தது. மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். பெயின்ட் டப்பாவைத் திறந்த வாடை அடித்தது.

"போர்த் தண்ணி" என்றார்.

நான் குனிந்து இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன்.

"மொத நாளே மோட்டார் ரூம ஜன்னல் வழியாப் பாத்தேன் தங்கச்சி. ஸ்டார்ட்டர் மேல குளவி கூடு கட்டியிருக்கு, பெரிய கூடு. தெனம் ஓடுற மோட்டார்ல குளவி எப்படிக் கட்டும்? அப்பவே தெரிஞ்சு போச்சு, இந்தத் தண்ணி வேற எங்கேருந்தோ வருதுன்னு. போய்ப் பாக்கணும்னா என்னைய யாரும் பாக்கக் கூடாது. நீ மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு இருந்தியா, அவன் ஒன்னையவே சுத்திக்கிட்டு இருந்தான். நான் ஆகா ஆகான்னுட்டு இருந்தனா, என்னைய விட்டுட்டான். நேத்துப் போயி கூட்டத் தட்டிவிட்டு மோட்டாரப் போட்டேன். மொதல்ல ஒண்ணும் வரல. அப்புறம் இதுதான் வந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீ என்கிட்ட சொன்னியா? நேத்து வெள்ளனே எங்கே போன?"

நான் சொன்னேன். டேங்கர், மீன் குடல், தவளை, எஸ்தர், அழித்த போட்டோ, எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தப் புள்ள பேரு ஊர்ல வேணாம்" என்றார். பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். வண்டி வந்ததும் அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். மீஞ்சூர் தாண்டியதும் நான் வாயைத் திறந்தேன். உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன்.

"தெரியும். ரெண்டு நாளா என் சட்டைப் பையவே பாத்துக்கிட்டு இருந்தியே" என்றார். "நானும் அந்தப் பையத் தச்சுப் போட்டுறலாமான்னு பாத்தேன்."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் முகம் மறுபடியும் பழையபடி ஆனது. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும்: அந்தப் பாட்டிலை ஊரில் காட்டினால் மகனுக்குச் சொன்ன வேலை இல்லை.

ஊர்க்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடந்தது. வீடியோவை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அண்ணனுக்கு மாலை போடவே ஒருவர் எழுந்தார். அண்ணன் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "வீடியோவுல நான் சொன்னத மறந்துருங்க. வாயால சொன்னது. இப்ப கையில கொண்டாந்தத பாருங்க" என்று சொல்லிப் பாட்டிலை எடுத்தார். ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வரிசையாகக் கொடுத்தார். தட்டு கை மாறக் கை மாறப் பேச்சு நின்றது. குழந்தையை மடியில் வைத்திருந்த பெண்கள் தட்டைத் தொடாமலே பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். அது நம் ஊர்த் தண்ணீர் இல்லையே, வேறு எங்கோ கலந்தது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். "எங்கோ கலந்ததுதான். ஆனா அத மறைக்கத்தான் அந்தப் பண்ணை" என்று நான் சொன்னேன். டேங்கரை நானே பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

தீர்மானம் போடவில்லை. கண்மாய்க்குப் பக்கத்தில் வேண்டாம் என்று எழுதி அனுப்பினோம். கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லை. பதிலும் போடவில்லை. இரண்டு மாதத்தில் வேறு ஒரு ஊரில் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஊரில் எனக்கு ஒரு அத்தை மகள் இருக்கிறாள். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவள் நம்பினாளா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

சித்திரையில் ஒரு காலை அண்ணன் வீட்டு வாசலில் ஒரு பெரிய பை இருந்தது. மகன் வேலைக்குப் போகிறான் என்றார்கள். எங்கே என்று கேட்டேன்.

"கும்மிடிப்பூண்டி" என்றான் அவன். "கூடப் படிச்சவன் ஒருத்தன் சேத்துவிட்டான் அத்தை. ரூம் எல்லாம் பாத்தாச்சு. ஆறு பேரு ஒரு ரூம்ல."

அண்ணன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அவர் அன்று அந்தப் பாட்டிலை எடுக்காமல் இருந்திருந்தால் மகன் கண்மாய்க் கரையிலேயே வேலை பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்பான். அதை நினைத்துத்தான் நான் நிற்கிறேன் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை நானும் போனேன். மகன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வேலையில் கவனமாக இரு, கண்ட நேரத்தில் வெளியே சுற்றாதே என்று எல்லாத் தகப்பனும் சொல்வதைத்தான் சொன்னார். பஸ் கிளம்பும்போது கூடவே நாலு அடி நடந்தார்.

"நல்லா இருக்கேன்னு சும்மா சொல்லாத. நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லு" என்றார். "அப்பா கோவிச்சுக்க மாட்டேன்."

மகன் தலையாட்டினான். பஸ் திரும்பியது. அண்ணன் அது போன திசையிலேயே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.